பத்துக்கு நாலரை

"பத்துக்கு..." என்று சொல்லிவிட்டு அன்பரசு நிறுத்தினார்.

தொலைக்காட்சி நடுவர்கள் இந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள். முரசு அதிரும். கேமரா ஒவ்வொரு முகமாகப் போய்வரும். கடலூரில் அந்தக் கிறிஸ்தவச் சபையின் கூடத்தில் முரசும் இல்லை, கேமராவும் இல்லை. மைக் செட் காத்தவராயன் மட்டும், மைக் கெட்டுப்போய்விட்டதோ என்று பதறி எதையோ திருக, ஒலிபெருக்கி 'கீ' என்று அலறி அடங்கியது.

"...நாலரை!"

மேடையில் ஏழு பெண்கள் நின்றிருந்தார்கள். புதுப்பாளையம் பகுதி ஜெபக்குழு. நடுவில் நின்றவள் பிரிசில்லா. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். இருபத்திரண்டு வருடங்களாக அன்பரசின் மனைவி.

"சுருதி பரவால்ல. தாளம் பரவால்ல. ஆனா பாட்டுல பாவம் இல்ல" என்றார் அன்பரசு.

"ஸ்தோத்திரம் தம்பி. அதெல்லாம் அறுவத்தெட்டுல ஞானஸ்நானம் எடுத்தப்பவே கழுவியாச்சு" என்றாள் ஓரத்தில் நின்ற ஆரோக்கியம்மாள்.

"அந்தப் பாவம் இல்லம்மா. ஃபீலு. உணர்ச்சி. நடுவுல நின்னு பாடுனவங்க மூஞ்சியப் பாத்தேன். கரண்ட்டு பில்லு கட்ட கியூவுல நிக்கிற மூஞ்சி மாதிரி இருந்துச்சு."

கூடம் கொல்லென்று சிரித்தது. பிரிசில்லாவின் முகத்தில் இப்போது நிறைய உணர்ச்சி வந்தது. அன்பரசு அதைக் கவனிக்கவில்லை. மதிப்பெண் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஆகவே, இந்த வாரம் நம்மகிட்டேருந்து விடைபெறப் போற அணி..."

மறுபடியும் நிறுத்தம். மறுபடியும் 'கீ'.

"...புதுப்பாளையம்!"

அன்பரசு கெட்டவர் இல்லை. அவருடைய கதையே மதிப்பெண்ணால் ஆனது. அண்ணாமலை நகரில், பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளர். தினமும் காலை ஏழேகாலுக்குக் கடலூரில் பஸ் ஏறி, சிதம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் முழங்கால் இடிபட உட்கார்ந்து அலுவலகம் போய்ச் சேருவார். இருபத்தாறு வருடங்களாகப் பேராசிரியர்கள் போட்ட மதிப்பெண்களைக் கூட்டிச் சரிபார்த்து, 'சரி' என்று சிவப்பு மையில் கீறி அனுப்பியிருக்கிறார். லட்சக்கணக்கான மதிப்பெண்கள் அவர் விரலிடுக்கில் ஓடியிருக்கின்றன. ஒன்றுகூட அவர் போட்டதில்லை.

அந்தப் பசியை நாலைந்து வருடங்களுக்கு முன்னால் தொலைக்காட்சி கண்டுபிடித்துவிட்டது. வாரத்தில் ஐந்து நாள், இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக, யாராவது பாடினார்கள். யாராவது ஆடினார்கள். மூன்று பேர் பளபளக்கும் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து அவர்களைப் பிழிந்து காயப்போட்டார்கள். பாடியவர் அழுதார், பெற்றவர் அழுதார், பார்த்தவர் அனைவரும் சோற்றைப் பிசைந்துகொண்டே தீர்ப்பளித்தார்கள். பாடுகிறவர்களைவிட அந்த மூன்று நாற்காலிகளைத்தான் அன்பரசு அதிகம் பார்த்தார்.

பிறகு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் வந்தது. ரசத்துக்கு ஏழு. பஸ் கண்டக்டருக்கு ஐந்து, "சில்லறை குடுக்கறப்ப ஐ கான்டாக்ட் இல்ல." போதகரின் ஜெபத்துக்கு ஆறரை, "முடிப்பு பிரமாதம், நீளம்தான் கொஞ்சம் ஜாஸ்தி." மகள் வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எனவே வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒரு நடுவர், ஒரு போட்டியாளர்.

இந்த நிலையில்தான் 2010 அக்டோபரில் ஒரு நாள் போதகரும் பாடகர் குழுத் தலைவர் ராஜவேலும் வீடு தேடி வந்தார்கள்.

அன்பரசும் பாடகர் குழுவில் இருந்தவர்தான். பன்னிரண்டு வருடங்கள், பின்வரிசை, கனத்த குரல் பிரிவு. தன் குரல் கூடத்தின் கடைசி ஜன்னல் வரை போய்த் திரும்பி வருவதில் அவருக்குத் தனிப் பெருமை.

"அண்ணே, இந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு முந்தி வர ஆகமன ஞாயித்துக்கெழமைல, மொத மூணு வாரமும் பகுதி வாரியா பாட்டுப் போட்டி வெக்கலாம்னு இருக்கோம். ஜெயிக்கிற குழுதான் கிறிஸ்மஸ் அதிகால ஆராதனையில பாடும்" என்றார் ராஜவேல்.

"பேஷா வெய்யி. நம்ம கொயர் ஒரு வெல்கம் சாங் போட்டுரலாம்."

"கொயருல யார் வேணா பாடிருவாங்கண்ணே. கீழ ஒக்காந்து கேட்டுத் தீர்ப்பு சொல்றதுக்கு ஒரு காது வேணுமில்ல? அது ஒங்ககிட்டதான் இருக்கு. ஆனா ஒண்ணு. ஜட்ஜா இருக்கறவர் கொயருல நிக்கக் கூடாது. நாளைக்கு ஒருதலைப்பட்சம்னு பேச்சு வந்துரும் பாருங்க."

அன்பரசு மோட்டுவளையைப் பார்த்தார். பன்னிரண்டு வருட சேவை. விட்டுவிட்டு வருவதா? ஆனால் நாற்காலி! "கொயர் தாங்குமா ராஜவேலு?"

"கஷ்டப்பட்டுத் தாங்கிப்போம்ண்ணே."

அடுத்த ஞாயிறு பாடகர் குழு அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. இரண்டு பெண்கள் கண்களைத் துடைத்துக்கொண்டதை அவரே பார்த்தார். அதற்கடுத்த வாரம் ஆரோக்கியம்மாள் அவரை வாசலில் நிறுத்தி, "தம்பி, நீங்க எறங்குனதுலேர்ந்து கொயரு எவ்வளோ அமைதியா இருக்கு தெரியுமா?" என்றாள்.

"பழகிரும்மா" என்று அன்பரசு ஆறுதல் சொன்னார்.

அப்படி வந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் கட்டிய மனைவியை இன்று நாலரை போட்டு அனுப்பியிருந்தார். ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பெண்டாட்டி என்றும் பார்க்காத நேர்மை! பின் இருக்கையில் பிரிசில்லா வழக்கம்போல் அவர் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஸ்டெப்னி டயரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அலமாரி மேலிருந்த பையை இறக்கினாள்.

"எங்க கெளம்புற?"

"சிதம்பரம். அக்கா வூட்டுக்கு."

"இன்னா பிரிசி இது? போட்டின்னா போட்டி. பொண்டாட்டின்னு மார்க் போட்டா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலரை பேரு சொல்லட்டும்."

"ஒனக்குப் பொறாம. நான் அந்தச் சீட்டுல ஒக்காந்தது ஒனக்குப் பொறுக்கல."

பிரிசில்லா புடவையை மடிப்பதை நிறுத்திவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உதட்டை மடித்துக்கொண்டாள். பையின் ஜிப் மட்டும் சர்ரென்று பேசியது.

"இந்த வூட்டுல சமைச்சா மார்க் போட ஆளு இருக்கு. சாப்புட ஆளு இல்ல. நான் போறேன். ஸ்கூலுக்கு அங்கேருந்தே பஸ்ல வந்துக்கறேன்."

"இருபத்திரண்டாம் தேதி வேலூர்லேருந்து பாப்பா வருது. கிறிஸ்மஸ் வருது."

"பாப்பாவுக்கும் மார்க் போட்டு வெய்யிங்க. நான் இல்லாத கிறிஸ்மஸுக்கும் போடுங்க."

அக்கா வெண்மதியின் வீடு அண்ணாமலை நகர் ஊழியர் குடியிருப்பில் இருந்தது. அன்பரசின் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டுத் துணிக்கொடி தெரியும். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அந்தக் கொடியில் பிரிசில்லாவின் நீலப் புடவை ஏறியது. அன்று அன்பரசு ஒரே தாளை மூன்று முறை கூட்டினார். மூன்று முறையும் வேறு வேறு விடை வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் அலுவலக உதவியாளர் ஒரு டிபன் கேரியரைக் கொண்டுவந்து வைத்தார். "ஒங்க வூட்டம்மா காலையில ஸ்கூலுக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனாங்க சார்."

அன்பரசுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன இருந்தாலும் மனைவி! திறந்தார். மேலே தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய். அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டு: 'மார்க் போட்டு, டப்பாவைக் கழுவி அனுப்பவும்.'

அவர் அதன் கீழேயே, 'பத்துக்குப் பத்து. வந்துவிடு' என்று எழுதி அனுப்பினார்.

புதன்கிழமை பதில் வந்தது, சாதம் இல்லாமல்: 'மறுமதிப்பீடு செய்தாலும் மாணவி மீண்டும் சேருவதாக இல்லை.'

மறுமதிப்பீடு! அன்பரசு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். தேர்வுப் பிரிவில் அது இருக்கிறது. தொலைக்காட்சியிலும் இருக்கிறது, அங்கே அதற்கு வைல்டு கார்டு என்று பெயர். தோற்றுப்போனவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. புதுப்பாளையத்தைத் திரும்பக் கூப்பிட்டு நல்ல மார்க்காகப் போட்டால் முடிந்தது பிரச்சினை!

இரண்டாம் ஞாயிறு புதுப்பாளையம் குழு மேடையேறியது. ஆறு பேர்தான் இருந்தார்கள். பிரிசில்லா வரவில்லை. ஆரோக்கியம்மாள் நடுவில் நின்று பாட்டை ஒரு பக்கம் இழுத்தாள். மற்ற ஐந்து பேரும் இன்னொரு பக்கம் இழுத்தார்கள். இரண்டாவது சரணத்தை யாரோ மறந்துவிட, எல்லோரும் சேர்ந்து அதைத் தாண்டிக் குதித்தார்கள்.

அன்பரசு எழுந்து நின்று கைதட்டினார். "என்ன ஒரு பாவம்! பத்துக்கு ஒம்போதரை!"

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. மஞ்சக்குப்பம் குழுத் தலைவி தங்கம்மாள் எழுந்தார். தபால் நிலையத்தில் முப்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வுபெற்றவர். அவர் குரலுக்கு மைக் வேண்டியதில்லை.

"ஏந்தம்பி, போன வாரம் பாவமே இல்லன்னீங்க. ஒரு வாரத்துல ஒம்போதரைக்குப் பாவம் எங்கேருந்து வந்து சேந்துச்சு? வூட்டுல சோறு ஆக்க ஆள் இல்லன்னு இங்க வந்து மார்க் ஆக்கறீங்களா?"

கூடம் மறுபடியும் சிரித்தது. இந்த முறை அன்பரசுக்கு அது இனிக்கவில்லை.

அன்று மாலையே செல்போன் அடித்தது. பிரிசில்லா. அவர் ஆசையோடு எடுத்தார்.

"ஒம்போதரையாமே?"

"பாத்தியா! ஒன் டீமை நான் விட்டுக்குடுப்பனா?"

"நான் நின்னப்ப நாலரை. நான் இல்லாதப்ப ஒம்போதரை. அப்போ நான் ஒருத்திதான் அஞ்சு மார்க்கைக் கெடுத்தவ. கழித்தல் கணக்கு எனக்குத் தெரியாதாங்க? அதைத்தான் ஆறாங்கிளாஸுல நடத்திக்கிட்டிருக்கேன்."

போன் துண்டானது. இந்தக் கோணத்தை அவர் யோசிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு, இறுதிப் போட்டி. அதற்குள் அன்பரசு தீர்மானித்துவிட்டார். யார் மனமும் புண்படக் கூடாது. மஞ்சக்குப்பம் பாடியது, பத்து. செம்மண்டலம் பாடியது, பத்து. தேவனாம்பட்டினம், கடல்காற்றில் தொண்டை கட்டிக்கொண்டு வந்து பாடியது, பத்து. பிரிசில்லா இல்லாத புதுப்பாளையத்துக்கும் பத்து.

"நாலு குழுவும் வின்னர்!" என்று கைகளை விரித்தார்.

ஒரு கைதட்டல் இல்லை.

"தம்பி, எங்களுக்குப் பத்து. நியாயம். செம்மண்டலத்துக்கும் பத்தா? அப்ப எங்க பத்துக்கு என்ன மரியாத?" என்றார் தங்கம்மாள்.

"ஏன், எங்களுக்கு என்ன கொறைச்சல்?" என்று செம்மண்டலம் எழுந்தது. "நீங்க ரெண்டாவது சரணத்துல பேன் பாத்துக்கிட்டு நின்னீங்களே, அதுக்குப் பத்துன்னா எங்களுக்குப் பன்னெண்டு போடணும்."

"எங்க தொண்டை கட்டிக்கிச்சு. இரக்கப்பட்டுப் போட்ட பத்து எங்களுக்கு வேணாம்" என்றது தேவனாம்பட்டினம்.

ஐந்து நிமிடத்தில் நாலு குழுவும் ஒன்றையொன்று மதிப்பிட ஆரம்பித்துவிட்டன. யார் புடவை, யார் பிள்ளை வளர்ப்பு, யார் காணிக்கைத் தட்டு வரும்போது கண்ணை மூடி ஜெபிக்கிறவர் என்பதுவரை தீர்ப்புகள் பறந்தன. முடிவில் ஒரு விஷயத்தில் மட்டும் நாலு குழுவும் ஒற்றுமையாக இருந்தன. கிறிஸ்துமஸ் அதிகாலையில் யாரும் பாடப்போவதில்லை.

திங்கட்கிழமை மாலை போதகர் வந்தார். ரொம்பச் சோர்ந்திருந்தார். காபி போட அன்பரசுக்குத் தெரியாததால் தண்ணீர் கொடுத்தார்.

"நேத்து பிரசங்கம் முடிச்சிட்டு எறங்குறேன் தம்பி. சண்டே ஸ்கூல் புள்ளைங்க வரிசையா நின்னு வெரலைத் தூக்கிக் காட்டுதுங்க. ஏழு."

"ஏழு நல்ல மார்க்குதானேய்யா?"

போதகர் அவரையே பார்த்தார். அன்பரசு தலையைக் குனிந்துகொண்டார்.

"டிவிக்காரன் அப்படித்தான் தம்பி. ஊருல இருக்கற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு ஜட்ஜு நாற்காலியப் போட்டுக் குடுத்துட்டான். சோபாவுல சாஞ்சுக்கிட்டே அடுத்தவன் அழுவறதுக்கு மார்க் போடலாம். சொகமாத்தான் இருக்கும். எனக்கும் இருக்கு. நானும் அந்தப் புரோகிராமு பாக்கறேன், பொய் சொல்லல. ஆனா நம்ம ஆண்டவர் யாரு? பாத்திரத்துல தண்ணிய வெச்சிக்கிட்டு அடுத்தவன் காலக் கழுவுனவரு. நாற்காலி மேல ஒக்காந்துக்கிட்டு யார் காலையும் கழுவ முடியாது தம்பி. கீழ எறங்கணும்."

அவர் போன பிறகு அன்பரசு தொலைக்காட்சியைப் போட்டார். ஒரு சின்னப் பெண் பாடி முடித்துவிட்டுக் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். நடுவர் வழக்கம்போல் நிறுத்தினார். முரசு அதிர்ந்தது. கேமரா அந்தப் பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் போனது. அன்பரசுக்கு அங்கே தெரிந்தது நாலரைக்காகக் காத்து நின்ற பிரிசில்லாவின் முகம். முடிவைக் கேட்காமல் அணைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் விட்டதும் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். வெண்மதி திறந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சட்ட இஸ்திரி போடல. பொத்தான் மாத்திப் போட்டிருக்கீங்க. மூணு."

"ஒண்ணரையே போடுங்கண்ணி. உள்ள வரலாமா?"

பிரிசில்லா கூடத்தில் அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவர் நாற்காலியை விட்டுவிட்டு, அவள் எதிரில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"பிரிசி, இருவத்தாறு வருஷம் அடுத்தவன் போட்ட மார்க்கைக் கூட்டிக்கிட்டே இருந்துட்டேன். ஒரு நாளும் ஒருத்தனும் 'அன்பரசு, இதுக்கு எவ்வளோ போடலாம்'னு என்னக் கேட்டதில்ல. திடீர்னு கூப்ட்டுக் கேட்டாங்களா, தல கால் புரியல. ஒன் மூஞ்சிய நாலு பேரு சிரிக்கற மாதிரி பேசிட்டேன். அந்த மூஞ்சி இல்லாம வூடு வூடா இல்ல. தப்புதான்."

சிவப்புப் பேனா நின்றது. வெண்மதி சமையலறை வாசலில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ரசம் வெச்சீங்களா?" என்றாள் பிரிசில்லா, தாளைப் பார்த்துக்கொண்டே.

"வெச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"மார்க் போடுற நெலமையில இல்ல."

பிரிசில்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "என்கிட்ட தனியா சொன்னா எப்படி? சபைக்கு முன்னால மார்க் போட்டீங்க இல்ல, சபைக்கு முன்னால சொல்லுங்க. ஞாயித்துக்கெழம வரேன். பையோட வரதா, வெறுங்கையோட வரதான்னு அப்புறம் பாக்கலாம்."

அன்பரசு இரண்டு இரவு கண்விழித்து மன்னிப்பை எழுதினார். எழுத எழுத, அது வளர்ந்துகொண்டே போனது. மன்னிப்பு மட்டும் போதுமா? போதகர் கீழே இறங்கச் சொன்னாரே. எவ்வளவு கீழே? இருப்பதிலேயே தாழ்ந்த இடம் எது? சனிக்கிழமை இரவு அவருக்கு விடை கிடைத்தது. கிடைத்ததும், கடலூர் மாவட்டத்திலேயே தன்னைவிடத் தாழ்மையான மனிதன் இருக்க முடியாது என்ற பெருமிதத்தோடு தூங்கினார்.

நாலாவது ஞாயிறு, ஆராதனை முடியும் முன் போதகர் அவரை அழைத்தார். கூடம் நிரம்பியிருந்தது. மூன்றாம் வரிசையில் பிரிசில்லா. அவள் காலடியில் பை. பையைப் பார்த்துக்கொண்டே அன்பரசு பேச ஆரம்பித்தார்.

"சபையாரே, மூணு வாரமா ஒங்க எல்லாரையும் நான் எடை போட்டேன். என்னை நானே ஒரு நாளும் போட்டுப் பாக்கல. ஒங்க மத்தியில சண்டைய உண்டாக்கிட்டேன். என் சம்சாரத்த எல்லாரும் சிரிக்கும்படி பேசினேன். அவ பாட்டுக்கு மார்க் போட நான் யாரு? மன்னிச்சிருங்க."

தங்கம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செம்மண்டலத்துப் பெண்மணி ஒருத்தி அவர் தோளில் கையை வைத்தாள். ஆரோக்கியம்மாள் "ஸ்தோத்திரம்" என்று வாய்விட்டுச் சொன்னாள். பிரிசில்லாவின் கன்னத்தில் நீர் உருண்டது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரப் பகை அந்தக் கூடத்தைவிட்டு ஜன்னல் வழியாக வெளியேறுவதை அன்பரசு கண்ணால் பார்த்தார். அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"அதோட முடியல. இந்த ஜட்ஜு நாற்காலி இனிமே எனக்கு வேணாம். நான் எறங்குறேன். கடைசி ஆளா, எல்லாருக்கும் கீழ, நம்ம கொயரோட பின்வரிசைக்கே திரும்பிப் போயி, என் ஆயுசு உள்ள மட்டும் பாடப் போறேன். இந்தக் கிறிஸ்மஸுலேருந்தே."

ஆர்மோனியத்தின்மேல் ராஜவேலின் கை தவறி விழுந்து ஒரு பெரும் ஓசை எழுந்தது.

"அண்ணே!" என்று எழுந்தார் ராஜவேல். "அவசரப்படாதீங்க. ஜட்ஜா ஒங்கள மாதிரி ஆள் கெடைக்காது."

"இல்ல ராஜவேலு. தீர்மானிச்சுட்டேன்."

"தம்பி, எங்க குழுவுக்கு ரெண்டு மார்க் போடுங்க. பரவால்ல. ஆனா அந்தச் சீட்ட மட்டும் விட்றாதீங்க" என்று தங்கம்மாள் கும்பிட்டார்.

"எங்களுக்கு சைபரு!" என்றது செம்மண்டலம்.

"அடுத்த வருஷமும் போட்டி வெப்போம். மாசா மாசம்கூட வெப்போம்!" என்றது தேவனாம்பட்டினம். நாலு குழுவும் ஒன்றாகி, தோளோடு தோளாக நின்று அவரைக் கெஞ்சின.

அன்பரசு தலையை ஆட்டி மறுத்தார். கண்ணீரை அவரால் கட்டுப்படுத்த முடியவில்லை. அப்போது மூன்றாம் வரிசையில் பிரிசில்லாவே எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க... என் பாட்டுக்கு நாலரையே இருக்கட்டும். அது சரியான மார்க்குதான். நீங்க கீழேயே ஒக்காந்திருங்க. நான் வூட்டுக்கு வந்துடறேன்."

எப்பேர்ப்பட்ட மனைவி! அன்பரசு இரண்டு கைகளையும் தூக்கிச் சபையைக் கும்பிட்டார். "ஒங்க அன்பு எனக்குப் புரியுது. ஆனா தாழ்மைன்னு எறங்கிட்டா எறங்குனதுதான்."

போதகர் அவசர அவசரமாக ஆசீர்வாதம் கூறி முடித்தார். ஆராதனை முடிந்ததும் கூடம் கலையவில்லை. மூலைக்கு மூலை கூடிக்கூடிப் பேசினார்கள். பிரிசில்லாவை நாலு குழுப் பெண்களும் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். யார் யாரோடு சண்டை என்பதே யாருக்கும் நினைவில்லை. ஒரு மனிதனின் தாழ்மை ஒரு சபையை இப்படி ஒன்றாக்குமா என்று அன்பரசு வியந்தார்.

மேடையோரம் காத்தவராயன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் அவன்தான், மசூதிப் பக்கத்துக் கல்யாணத்துக்கும் அவன்தான், இந்தச் சபையின் கூட்டங்கள் அத்தனைக்கும் அவன்தான் மைக் கட்டுகிறவன். யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்ததால் அன்பரசு அவன் தோளைத் தட்டினார்.

"பாத்தியா காத்தவராயா? நான் எறங்குறேன், எறங்குறேங்கறேன். ஒருத்தரும் விடமாட்டேங்கறாங்க. என்மேல என்னா மரியாத பாத்தியா!"

காத்தவராயன் ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெள்ளந்தியாகச் சொன்னான்:

"எப்படி சார் விடுவாங்க? 'இனிமே பாடாதீங்க'ன்னு ஒங்க மூஞ்சிக்கு நேரா யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதானே, டீச்சரம்மா சபைக் கமிட்டிக்கு முன்னால அழுது கெஞ்சி, இந்தப் போட்டியையே வெக்க வெச்சாங்க!"